வெறுங்காற்று டப்பா

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரை ஏப்ப மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் முன்னால் ஓர் ஏப்பம் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும். தன் வேலையை இவ்வளவு சுருக்கமாகத் தன்னாலேயே சொல்ல முடிந்ததில்லை என்று சிரித்துக்கொள்வார்.

வேலை அதுதான். மேய்ந்த புல்லை மாடு அசைபோட்டுச் செரிக்கும்போது வயிற்றில் மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. மேலே போய்ச் சேர்ந்து பூமியைப் போர்வை போலச் சூடேற்றும் வாயுக்களில் அதுவும் ஒன்று. ஒரு மாடு ஒரு நாளில் எவ்வளவு விடுகிறது, எந்தப் புல்லைத் தின்றால் குறைத்து விடுகிறது என்று அளந்து சொல்வது மேடத்தின் ஆராய்ச்சி.

அறைக்குள் கட்டிவைத்து அளப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. மேய்கிற மாட்டை மேயவிட்டே அளப்பதுதான் பாடு. மாட்டின் முகத்தில் ஒரு பட்டையைக் கட்டி, மூக்கருகே தலைமுடி அளவே துளையுள்ள ஒரு குழாயைப் பொருத்த வேண்டும். அந்தக் குழாய் கழுத்தில் தொங்கும் டப்பாவுக்குப் போகும். உள்ளிருக்கும் காற்றை முன்பே உறிஞ்சி எடுத்துவிட்ட டப்பா அது. ஆகவே நாள் முழுக்க மாட்டின் மூச்சை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். மாட்டின் வயிற்றில் வேறொரு சின்னக் குப்பியும் இருக்கும். அதிலிருந்து இன்னொரு வாயு, எவ்வளவு என்று தெரிந்த அளவில், சீராகக் கசியும். மேடம் அதற்குச் சாட்சி வாயு என்று பெயர் வைத்திருந்தார். டப்பாவில் சாட்சி எவ்வளவு வந்திருக்கிறது, மீத்தேன் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

இன்னும் ஒன்று உண்டு. மாடே இல்லாத இடத்துக் காற்றிலும் கொஞ்சம் மீத்தேன் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் அந்தப் பழியும் மாட்டின் தலையில் விழும். அதற்காக, காற்று வரும் பக்கத்தில், மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில், கம்பத்தில் ஒரு டப்பா தனியாகத் தொங்கும். டிரைவர் அண்ணன் அதை வெறுங்காற்று டப்பா என்பார்.

டிரைவர் அண்ணன் பெயருக்குத்தான் டிரைவர். டப்பாக்களைக் கழுவுவது, எச்சில் அடைத்த குழாயை ஊதி எடுப்பது, மாட்டிடம் உதை வாங்குவது எல்லாம் அவர் இலாகா. காலையில் பால் கறந்து முடித்து, மாடுகளை மேய விடுவதற்கு முன்னால் டப்பா மாற்ற இருவரும் பண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

"மாமியாரை முதல்ல முடிச்சிடுவோம் மேடம். அப்புறம் நிம்மதியா மத்ததுங்களைப் பாக்கலாம்" என்பார் அவர்.

மாமியார் என்பது கொம்பு வளைந்த பெரிய செவலை மாடு. அது குடித்துவிட்டு விலகும்வரை வேறு எந்த மாடும் தண்ணீர்த் தொட்டியை நெருங்காது. பெயர் வைத்தவர் பண்ணைக்காரர்.

"எங்க அம்மாவை மனசுல வச்சுத்தான் இவர் பேரு வச்சாருன்னு நெனச்சிடாதீங்க" என்று பண்ணைக்காரரின் மனைவி முதல் வாரமே மேடத்திடம் தெளிவுபடுத்திவிட்டார். "எங்க அம்மா வாயில்லாப் பூச்சி. இது எனக்கு மாமியார். இவரோட அம்மா."

"எங்க அம்மா இருந்திருந்தா மூக்குல குழாய் மாட்ட விட்டிருப்பாங்களா?" என்றார் பண்ணைக்காரர் வைக்கோல் வாரியபடியே. "இது விடுதில்ல? அந்த வகையில இது தேவல."

அவர் எதையும் கேலியாகத்தான் பேசுவார். முதல்நாள் பட்டையைப் பார்த்ததும், "மேடம், படிச்சவங்க கிட்டச் சொல்லக் கூடாது. ஆனா முன்பக்கம் மாட்டுறீங்களே" என்று தொடங்கி, மனைவி முறைத்த முறைப்பில் பாதியில் நிறுத்திக்கொண்டவர்.

பண்ணைக்காரரின் மனைவியை அம்மா என்றே மேடம் கூப்பிடுவார். நாமும் பண்ணையம்மா என்று வைத்துக்கொள்ளலாம். பண்ணையம்மா மேடத்தை டாக்டரம்மா என்பார். மாட்டு வைத்தியம் தனக்குத் தெரியாது என்று மேடம் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. "மாட்டு மூக்கைத் தினமும் தொட்டுப் பாக்குறீங்க. அதுக்கு மேல என்ன டாக்டரு" என்று அந்த அம்மாள் விடவில்லை.

அந்த அன்புக்கு ஒரு காரணம் உண்டு. ஆராய்ச்சி தொடங்கிய வருடம் ஒரு காலை பண்ணையம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். பண்ணைக்காரர் எப்படியோ பாலைக் கறந்து அனுப்பிவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார். மேடம் தன் வேலை முடிந்ததும் பால் கேன்களைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் தணிந்து வெளியே வந்த பண்ணையம்மா வரிசையாகக் கவிழ்ந்திருந்த கேன்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அன்றிலிருந்து, டாக்டரம்மாவுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு மனதில் ஒரு அரிப்பு.

அந்தப் பண்ணையின் நிலத்தில், புல்லோடு பயறு வகைத் தீவனக் கொடியைக் கலந்து விதைத்து மூன்று வருடமாகிறது. அதை மேய்ந்தால் வாயு குறைகிறதா என்பதே கேள்வி. முதல் வருடம் குழாய்கள் அறுந்தன. இரண்டாம் வருடம் மழை பொய்த்துக் கொடி சரியாக வளரவில்லை. இந்தப் பருவத்திலும் நம்பத்தக்க ஓர் அளவு வரவில்லையென்றால் மேய்ச்சல் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் சொல்லிவிட்டார். கருவிகள் வேறு துறைக்குப் போகும், டிரைவர் அண்ணன் வேறு ஊருக்குப் போவார். மேடம் எங்கே போவார் என்று இயக்குநர் சொல்லவில்லை. மேடமும் கேட்கவில்லை.

ஆகவே இந்த முறை ஒரு வாரம் முழுவதும் எல்லாம் ஒழுங்காக நடந்தபோது, மேடம் இறைவனுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே டப்பாக்களை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஒரு குழாய்கூட அறுந்து போகவில்லை. மாமியார் ஒரு உதைகூட விடவில்லை.

அளவு வந்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. சாதாரணப் புல் மேயும் மாடுகளைவிடப் பாதிதான் இருந்தது.

இயக்குநர் கேட்டவுடன் தொலைபேசியில் அழைத்தார். "பாதியா? பாதின்னா பெரிய விஷயம்மா. கமிட்டி கூடும்போது இதைத்தான் முதல்ல வைக்கப்போறேன்."

டிரைவர் அண்ணன் ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், இனிமே என்னைய யாரும் ஊரை விட்டுத் தூக்க முடியாதுல்ல" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் மேடம் தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் அவர் வெறுங்காற்று டப்பாக்களின் எண்களைத் தனியே எடுத்துப் பார்த்தார். பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்கில் அவை தாமாகவே கழிந்துவிடும். ஆனால் சமைத்து முடித்தபின் அடுப்பைத் துடைக்காமல் படுக்க முடியாத பெண்கள் இருக்கிறார்களே, மேடம் அந்த ரகம்.

வெறுங்காற்றில் மீத்தேன் இருக்கவேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. எல்லா நாளும் இல்லை, சில நாள் மட்டும். மாடுகள் கம்பத்துப் பக்கம் போய்ப் படுத்திருக்குமோ என்று முதலில் நினைத்தார். அப்படியானால் அவற்றின் மூச்சிலுள்ள சாட்சி வாயுவும் கூட வந்திருக்க வேண்டும். சாட்சி வரவேயில்லை. சாட்சி இல்லாத மீத்தேன் என்றால் குப்பி விழுங்காத கன்றுகளிடமிருந்து வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாணக் குழியிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டும் மேய்ச்சல் நிலத்தில் இல்லை. கொட்டிலுக்குப் பின்னால் இருக்கின்றன.

டப்பா நடந்து போயிருக்கிறது என்று மேடத்துக்குப் புரிந்தது. கழிக்கக்கூடாததைக் கழித்ததால்தான் மாடுகள் பாதியாகிவிட்டன.

அன்று மாலை வீட்டில் அவருடைய அக்கா தையல் இயந்திரத்தில் பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா காலையும் மாலையும் கும்பிடுகிறவர். தங்கையின் வேலைக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவார், என்ன வேலை என்று சரியாகப் பிடிபடாவிட்டாலும்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? அளவு நல்லா வந்துச்சுன்னு மத்தியானம் போன்ல சொன்னியே" என்றார் அக்கா.

"நல்லா வந்துச்சு. அதான் சங்கடம்."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். மேடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. பாத்தாலும் புரியாது."

"நீ வாயைத் திறக்கலைன்னா?"

"வேலை நடக்கும். அண்ணன் இங்கயே இருப்பாரு. பண்ணைக்காரங்களுக்கும் சந்தோஷம்."

அக்கா ஒரு காலரை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என்னை எதுக்குக் கேக்குற? நான் மறைக்க வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே கேக்குற" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுக் கவலைப்படு. வெறும் வயித்துல கவலைப்பட்டா அது பெருசாத் தெரியும்" என்று எழுந்துபோய்த் தட்டு வைத்தார்.

மேடம் சாப்பிட்டார். உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குள் தீர்ந்துவிட்டது. டப்பாவை எடுத்தது யார் என்பதும் அவருக்கு ஊகமாகத் தெரிந்துவிட்டது. அந்த மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்பதுதான் பாக்கி.

மறுநாள் பண்ணையில் பண்ணையம்மா கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அளவு நல்லா வந்திருக்குன்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. நான் நேத்தே விளக்கேத்திக் கும்பிட்டேன்."

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த மூலைக் கம்பத்துல ஒரு டப்பா தொங்குமே, அதை நடுவுல யாராவது எடுத்தாங்களா?"

"யாராவது என்ன, நான்தான் எடுத்தேன்" என்றார் பண்ணையம்மா உடனே. குரலில் பெருமைதான் இருந்தது. "மத்த டப்பாவெல்லாம் மாட்டுக் கழுத்துல பத்திரமா இருக்கு. அது மட்டும் அநாதை மாதிரி அங்க தொங்குது. வெலை ஒசந்த சாமான். மழை கறுக்குறப்ப எல்லாம் ஓடிப்போய் எடுத்தாந்து கொட்டில் எறவாணத்துல மாட்டிருவேன். துண்டால தொடைச்சு, நீங்க வர்றதுக்கு முன்னாடி திரும்பக் கொண்டுபோய்த் தொங்க விட்டிருவேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இல்ல. ஏம்மா சிரமப்படுறீங்கன்னு சொல்லுவீங்கன்னுதான்."

கொட்டில் கூரையின் விளிம்பான அந்த எறவாணம் சாணக் குழிக்கு நேர்மேலே இருந்தது. கீழே கன்றுகள் நின்றன.

உலகத்தில் அன்பினால் நடக்கிற தவறுகளைத் திருத்துவதுதான் கடினம். மேடம் தண்ணீர் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பண்ணையம்மாவின் பக்கத்தில் தொட்டித் திட்டில் உட்கார்ந்துகொண்டார். வெறுங்காற்று டப்பா எதற்காக என்று முதல் தடவையாகச் சொன்னார். அது வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, அந்த மூலையிலேயே இருந்தால்தான் அதற்கு வேலை என்றும், கொட்டிலுக்கு வந்ததால் சாணக் குழியின் வாயு கணக்கில் ஏறி அளவு பொய்யாகிவிட்டது என்றும் சொன்னார்.

பண்ணையம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல இறங்கியது.

"கழிச்சிட முடியாதா? நான் எடுத்த நாளை மட்டும் விட்டுட்டு?"

"மிச்ச நாள் போதாதும்மா."

"அப்ப மூணு வருஷப் பாடு?"

மேடம் பதில் சொல்லத் தொடங்கினார். அதற்குள் பண்ணைக்காரர் தீவனக் கட்டோடு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். மனைவி சொல்லத் தொடங்கியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா? எதையாவது எடுத்து எங்கயாவது வைக்கலைன்னா உனக்குக் கை சும்மா இருக்காதே" என்று குரலை உயர்த்தினார். கேலியே இல்லாமல் அவர் பேசி மேடம் கேட்டதில்லை.

"இருங்க. தப்பு என் பேருல" என்றார் மேடம். "மூக்குக் குழாயைப் பத்தி உங்க ரெண்டு பேருக்கும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதைத் தொடாதீங்க, அதை இழுக்காதீங்கன்னு. அந்த டப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா? மாடு தொடாத சாமான்தானேன்னு விட்டுட்டேன். என்னன்னு தெரியாமயே அதைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டாங்க. தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பாத்திருப்பாங்க."

இதை அவர் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நேற்று இரவு படுத்திருந்தபோது அவருக்கு நிஜமாகவே உறைத்த விஷயம் அது. வேலையைச் சொல்லிக்கொடுத்தோம், எதற்கு என்று சொல்லவில்லை.

பண்ணைக்காரர் கட்டைக் கீழே போட்டார். கோபம் போக இடமில்லாமல் நின்றது. "இன்னொரு வாரம் அளந்தா ஆகாதா?"

"ஆகும். வயித்துக் குப்பி இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்யும். ஆனா மேய்ச்ச நிலத்துல இப்ப என்ன இருக்கு? மொட்டை அடிச்சாச்சே. அதே கொடி கலந்த புல் வேணும்."

"கீழ நிலத்துல இருக்கே" என்றார் பண்ணையம்மா.

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். கீழ நிலத்திலும் அதே நாளில், அதே விதையைத்தான் விதைத்திருந்தார்கள். ஆனால் அது வெட்டி உலர்த்தி, புல் இல்லாத மாதங்களுக்கு வைத்துக்கொள்வதற்காக மாடே நுழையாமல் காத்த நிலம்.

"வேண்டாம்மா" என்றார் மேடம். "அது உங்க வறண்ட மாசத்துத் தீவனம்."

"என்னால கெட்டதை நான் சரி பண்ண வேண்டாமா?"

பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழ நிலத்தின் பக்கம் நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று மேடம் நினைத்தார். பண்ணையம்மா மட்டும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிறிது நேரத்தில் கேட்டைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"மாமியாரை முதல்ல விடலாமா, இல்ல மருமகளுங்களையா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மேடம் போனில் நடந்ததைச் சொன்னபோது இயக்குநர் அவ்வளவு சுலபமாக இறங்கி வரவில்லை. "நான் கமிட்டில பாதிப் பேர்கிட்ட வாயை விட்டுட்டேனேம்மா" என்றார். "அளவு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு நோண்டுறீங்க?"

"நல்லா இருக்கு சார். உண்மையா இல்லை."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "கமிட்டி கூடுறதுக்குள்ள புது அளவு என் மேசைக்கு வரணும். வரலைன்னா, ரெண்டுல எதையும் வைக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடியும் அளவை தொடங்கியது. இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்றால், பால் வண்டிக்காரரால் பரவியது. வீடு வீடாகப் பால் கேன்களை எடுக்கிற அவருக்குச் செய்தி சேகரிப்பதும் பட்டுவாடா செய்வதும் கூடுதல் தொழில். ஏப்ப மேடம் கிடைத்த நல்ல பெயரை வேண்டாமென்று சொல்லிவிட்டதையும், பண்ணைக்காரர் கீழ நிலத்தைத் திறந்துவிட்டதையும் அவர் எல்லா வீட்டு வாசலிலும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாட்டு ஏப்பத்துக்காக வறண்ட மாதத் தீவனத்தை அழிக்கிறானே என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலி கேன்களை இறக்க வந்த வண்டியில் நான்கைந்து கட்டு உலர்ந்த புல்லும் இருந்தது. அடுத்த நாளும் வந்தது.

"யாரு கொடுத்தா?" என்று கேட்டார் பண்ணையம்மா.

"பேரைச் சொல்லக்கூடாதுன்னாங்க" என்றார் பால் வண்டிக்காரர். "சொன்னா மத்தவங்க கேலி பண்ணுவாங்களாம். எல்லாருமே இதையேதான் சொன்னாங்க."

பண்ணைக்காரர் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்து அடுக்கினார். ஒன்று உள்ளே பூஞ்சை பூத்து நாறியது. அதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு மட்டும் பேரு வேண்டாம். கட்டைப் பாத்தாலே யாருன்னு தெரியுது" என்றார். சிரித்தார். ஆனால் அதை எறியவில்லை. பூஞ்சை பிடித்ததைப் பிரித்துத் தள்ளிவிட்டு நல்லதை எடுத்துவைத்தார். கொடுத்தவனிடமும் அவ்வளவுதான் நல்லது இருந்திருக்கலாம். கொஞ்சம் கெட்டதோடு சேர்ந்து வந்தாலும் கொடை கொடைதான்.

அந்த வாரம் முழுக்க மேடம் போன் அடித்தாலே எழுந்து நின்றார். ஒரு மதியம் பண்ணைக்காரர் போன் செய்தார். மாமியார் முகப் பட்டையை மரத்தில் தேய்த்து அறுத்துவிட்டதாம். மேடமும் டிரைவர் அண்ணனும் ஓடிவந்து புதுப் பட்டையைக் கட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. எல்லோரும் கொட்டிலுக்குள் ஒதுங்கினார்கள். பண்ணையம்மா மட்டும் சாரல் அடிக்கிற விளிம்பில் நின்று, கீழ நிலத்து மூலைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைத் திரையில் டப்பா ஆடுவது மங்கலாகத் தெரிந்தது.

"உள்ள வாங்கம்மா. நனையுறீங்க."

"அதுவும் நனையுதே. நனையட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

"குழாய் வாய் கீழ பாத்து இருக்குதும்மா" என்றார் டிரைவர் அண்ணன். "தண்ணி ஏறாது. நான் வச்சது."

"தெரியும். நீங்க வச்சா ஏறாது" என்றார் பண்ணையம்மா. ஆனாலும் உள்ளே வரவில்லை. கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன, தாமாக ஓடிப்போய் எடுத்துவிடாமல் காவல் வைத்ததுபோல. உதடுகள் அசைந்தன. அன்பு செய்யத் துடிக்கிறவர்களுக்குச் செய்யாமல் நிற்பதைவிடக் கடினமான வேலை கிடையாது. மேடம் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்கும் அரைப் பக்கம் நனைந்தது. மழை ஓயும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

புது அளவு வந்தது. இந்தத் தடவை வெறுங்காற்று டப்பாவில் இருக்கவேண்டியது மட்டுமே இருந்தது. மாடுகளின் வாயு குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் பாதியெல்லாம் இல்லை. பத்தில் ஒரு பங்கு.

மேடம் இரண்டு முறை சரிபார்த்தார். ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வரவில்லை. காலடியில் தரை தட்டுப்படுவதுபோல ஒரு நிம்மதிதான் வந்தது.

கமிட்டி கூடிய அன்று அவர் புது அளவை வைத்தார். பழைய அளவையும் வைத்து, அது எப்படித் தவறியது என்று சொன்னார். தவறு தன்னுடையது, டப்பாவின் காரணத்தைப் பண்ணையில் யாருக்கும் விளக்காமல் விட்டது தான்தான் என்றார். யார் எடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டபோது, "அக்கறையா இருந்த ஒருத்தர்" என்று மட்டும் சொன்னார்.

 ஆட்கள் தேநீருக்குக் கலைந்த பிறகு இயக்குநர் அவரைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

"பத்துல ஒண்ணுக்காக யாரும் கை தட்டலைம்மா."

"தெரியும் சார்."

"ஆனா யாரும் சந்தேகமும் படல. அந்தக் கமிட்டியில அதுதான் அபூர்வம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு பருவம் நடத்துங்க. இதே நிலம், இதே மாடுங்க. கூட இன்னொரு பண்ணையும் எடுத்துக்குங்க, கொடுப்பாங்களான்னு பாருங்க. அந்த டிரைவரை மாத்துற பேப்பரை நான் கிழிச்சிடுறேன்."

மேடம் நன்றி சொன்னார்.  டிரைவர் அண்ணனிடம் சொல்ல வாகனம் நிற்குமிடத்துக்குப் போனார். அவர் கேட்டுவிட்டு, துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

பிறகு மேடம் பண்ணைக்கு அழைத்தார். எடுத்தவர் பண்ணைக்காரர்.

"பத்துல ஒண்ணா? இத்தனை கூத்துக்கும் எங்க மாடுங்க இவ்வளவுதான் குறைச்சுதா?" என்றார். "பரவால்ல. அது அதோட சக்திக்குக் குறைச்சிருக்கு. நான் பீடியைக் குறைக்கிறேன்னு எத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், பத்துல ஒண்ணு குறைச்சிருப்பேனா?"

"குறைக்கல" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இதோ, எதிர்க்கட்சிக்காரி வந்துட்டா. பேசுங்க."

போன் கை மாறியது.  பின்புறத்தில் கன்று ஒன்று கத்தியது. பண்ணையம்மா கேட்டார்.

"அப்ப வேலை நிக்கலையா டாக்டரம்மா?"

"நிக்கலம்மா. இன்னொரு பருவம் கொடுத்திருக்காங்க."

"நான் கெடுத்தது?"

"அன்னைக்கு நான் கேட்டப்ப, நான் எடுக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு வேற வழி இருந்திருக்காது. டப்பா ஏன் நகர்ந்துச்சுன்னு உறுதியாத் தெரியாம அந்தப் பொய்யோடயே திண்டாடியிருப்பேன். நீங்க உள்ளதைச் சொன்னீங்க. அதுலதான் எல்லாம் நேராச்சு."

"இதுல என்ன இருக்கு. கேட்டீங்க, சொன்னேன்" என்றார் பண்ணையம்மா. உடனே அவசரமாக, "கறவை நேரமாச்சு. வச்சிரட்டுமா?" என்றார்.

"வையுங்கம்மா."

மறுமுனை நின்ற பிறகும் மேடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். அன்று அவர் இறைவனிடம் வேண்டிக்கொள்ள எதுவும் இல்லாமல், நன்றி மட்டும் சொன்னார். முதலில் பண்ணையம்மாவுக்காகச் சொன்னார். பிறகு பெயர் தெரியாத அந்தப் புல் கட்டுக்காரர்களுக்காக, தனித்தனி முகங்களாக நினைத்துப் பார்க்க முயன்றபடி சொன்னார். அவர்களில் யாராவது ஒருவர் தன் மாடுகளின் கழுத்தில் டப்பா மாட்டச் சம்மதிக்கக்கூடும். நாளைக்கே போய்க் கேட்கலாம் என்று தோன்றியது.